கையெழுத்துப் பத்திரிகை நடத்திய கணக்கு வாத்தியார்



நம் சுவர்ப் பத்திரிகையின் வாழ்க்கை வரலாறு பகுதிக்கு இந்த மாதம் என் முறை. வழக்கமாக இந்த இடத்தில் தலைவர்கள், விஞ்ஞானிகள் பற்றித்தான் எழுதுவோம். நான் ஒரு மாயக்கதை எழுதியவரைப் பற்றி எழுதப் போகிறேன். கதை எழுதினவருக்கெல்லாம் வரலாறா என்று கேட்காமல் கடைசி வரை படியுங்கள். தமிழ் ஐயா எனக்கு இரண்டு சார்ட் பேப்பர் கொடுத்திருக்கார், அதனால கொஞ்சம் நீளம்தான். நின்னுக்கிட்டே படிச்சா கால் வலிக்கும். இடைவேளையில் பாதி, சாயங்காலம் பாதின்னு படிச்சுக்கோங்க.

ஆலிஸ் என்கிற சிறுமி ஒரு வெள்ளை முயலைத் துரத்திக்கொண்டு போய் வளைக்குள் விழுந்து, விசித்திரமான உலகத்தில் சுற்றித் திரியும் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். புத்தகமாகப் படிக்காதவர்கள் கார்ட்டூனிலாவது பார்த்திருப்பீர்கள். அதை எழுதியவர் லூயிஸ் கரோல். அதுதான் அவருடைய முதல் கதைப் புத்தகம். அதை அச்சுப் போட்டதும் அவருடைய சொந்தக் காசில்தான். இப்போது புதிதாக எழுதுகிற பல பேர் பதிப்பகத்துக்குக் காத்திருக்காமல் தாங்களே செலவு செய்து மாயக்கதை நாவல்கள் கொண்டு வருகிறார்கள். 1865-லேயே அதைச் செய்தவர் இவர்.

இங்கிலாந்து நாட்டில் செஷையர் பகுதியில் டேர்ஸ்பரி என்னும் சிற்றூரில் 1832-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 27-ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் சார்லஸ் லுட்விட்ஜ் டாட்ஜ்சன். தந்தையார் தேவாலயப் பாதிரியார். வீட்டில் மொத்தம் 11 பிள்ளைகள். அடேங்கப்பா! பெண்கள் 7, ஆண்கள் 4. இவர் மூன்றாவது பிள்ளை, ஆண்களில் மூத்தவர். அவருக்கு 11 வயதானபோது தந்தைக்கு யார்க்ஷயரில் கிராஃப்ட் என்ற ஊருக்கு மாற்றல் ஆனது. அங்கே பெரிய வீடு, பெரிய தோட்டம்.

மூத்த அண்ணன் என்றால் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கணும் இல்லையா? இவர் அவங்களுக்காகத் தோட்டத்தில் ஒரு ரயில் விட்டார். தள்ளுவண்டி, பீப்பாய் எல்லாம் சேர்த்துக் கட்டின ரயில். அதற்கு ஸ்டேஷன் உண்டு, டிக்கெட் உண்டு, விதிமுறைகளும் உண்டு. பொம்மலாட்டமும் நடத்தினார். 1950-இல் அந்த வீட்டில் பழுதுபார்க்கும் வேலை நடந்தபோது குழந்தைகள் அறையின் தரைப்பலகைக்கு அடியில் ஒளித்து வைத்த சாமான்கள் சில கிடைத்தன. ஒரு சின்ன வெள்ளைக் கையுறை, ஒரு சின்னச் செருப்பு, தையலுக்கு விரலில் மாட்டுகிற ஒரு உலோகத் தொப்பி. கதையில் வருகிற முயல் தொலைத்துவிட்டுத் தேடுவதும் வெள்ளைக் கையுறையைத்தான். ஆலிஸுக்குப் பரிசாகக் கொடுக்கப்படுவதும் அந்த விரல் தொப்பிதான். படிச்சப்போ எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு.

இப்போது நம்ம விஷயத்துக்கு வருகிறேன். 1845-இல், 13 வயதில், அவர் வீட்டுக்குள்ளேயே ஒரு கையெழுத்துப் பத்திரிகை ஆரம்பித்தார்! தம்பி ஒருவனுக்கும் தங்கை ஒருத்திக்கும் படிக்க என்று அவரே எழுதி, அவரே படம் வரைந்தது. அதன் பிறகு ஒன்று மாற்றி ஒன்றாகப் பல வீட்டுப் பத்திரிகைகள் நடத்தினார். ஆரம்பத்தில் அண்ணன் தங்கைகள் எல்லாருமே எழுதிக் கொடுத்த பத்திரிகையும் உண்டு. கடைசியில் மொத்தத்தையும் இவரே எழுத வேண்டியதாகிவிட்டது. (நம்ம பத்திரிகைக்கு ஜூன் மாதம் எத்தனை பேர் பெயர் கொடுத்தீர்கள், இப்போது எத்தனை பேர் எழுதுகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை.)

அந்தப் பத்திரிகைகளில் ஒன்றின் பெயர் பாதிரியார் வீட்டுக் குடை. அதன் முன்பக்கப் படம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு தாத்தா குடை பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். குடையின் மேல் கதை, கவிதை, விடுகதை, நகைச்சுவை என்று எழுதியிருக்கிறது. மேலே இருந்து குட்டிப் பிசாசுகள் கல்லைத் தூக்கி எறிகின்றன. ஒவ்வொரு கல்லிலும் துயரம், சிடுசிடுப்பு, வன்மம், சலிப்பு என்று எழுதியிருக்கிறது. கல் எல்லாம் குடையில்தான் விழும், தாத்தா மேல் படாது. நல்லா வரையறவங்க யாராவது நம் அடுத்த மாத முகப்புக்கு இதை மாதிரி ஒன்று வரைந்து கொடுங்களேன்.

இவ்வளவு கலகலப்பான பையன் வெளியில் போனால் அவ்வளவாகப் பேச மாட்டார். காரணம், திக்குவாய். அவருடன் பிறந்தவர்களில் பல பேருக்கும் அது இருந்தது. போதாக்குறைக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சலில் வலது காது கேட்காமல் போய்விட்டது. 1846-இல் ரக்பி என்ற ஊரில் இருக்கும் பெரிய விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். படிப்பில், அதிலும் கணக்கில், கெட்டிக்காரர். பரிசுகள் வாங்கினார். ஆனால் அங்கே இருந்த 3 வருடத்தை மறுபடி வாழச் சொன்னால் எதைக் கொடுத்தாலும் முடியாது என்று பெரியவரான பிறகு எழுதி வைத்திருக்கிறார். விடுதியில் ராத்திரி நேரத்தில் சின்னப் பையன்கள் பட்ட பாடு அப்படி.

எனக்கும் திக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். முக்கியமா 'த' எழுத்து. ப்ரேயரில் செய்தி வாசிக்கிற முறை வந்தால் முதல் வார்த்தையே தலைப்புச் செய்திகள்னு ஆரம்பிக்கணும். அதை நினைச்சாலே முந்தின நாள் ராத்திரியில் இருந்து எனக்கு வயிற்றைக் கலக்கும். அதனால் இவருக்குத் திக்குவாய் என்று படித்ததும் அடுத்த பக்கத்துக்குப் போகாமல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். இவருக்குத் தன் சொந்தப் பெயரே சிரமம். டாட்ஜ்சன் என்று சொல்ல வந்தால் டோ டோ என்று நின்றுவிடுமாம். ஆலிஸ் கதையில் டோடோ என்று ஒரு பறவை வரும். உலகத்தில் அழிந்தே போன பறவை இனம் அது. கதையில் தன்னையேதான் அந்தப் பறவையாக வைத்துக்கொண்டார். பேர் சொல்ல வராததை வைத்துத்தான் அப்படிச் செய்தார் என்று பலர் சொல்கிறார்கள்.

1851-ஆம் ஆண்டு ஜனவரியில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் கிரைஸ்ட் சர்ச் கல்லூரியில் படிக்கப் போனார். போன சில நாட்களிலேயே அவருடைய அம்மா இறந்துவிட்டார். அவருக்கு அப்போது 19 வயதுகூட முடியவில்லை, முடிய ஒரு நாள் பாக்கி. பிறகு படித்து முடித்து 1855-இல் அதே கல்லூரியில் கணித விரிவுரையாளர் ஆனார். 1881 வரை அந்த வேலை பார்த்தார். சாகும் வரை அந்தக் கல்லூரியிலேயேதான் குடியிருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

கணக்குப் புத்தகங்களுக்கு டாட்ஜ்சன் என்று சொந்தப் பெயர் போடுவார். கதை கவிதைக்கு மட்டும் வேறு பெயர் வேண்டும் என்று நினைத்தார். சார்லஸ் என்பதற்கு லத்தீனில் கரோலஸ். லுட்விட்ஜ் என்பதை லத்தீனில் லுடோவிகஸ் ஆக்கி, அதில் இருந்து லூயிஸ். முன்னதைப் பின்னாலும் பின்னதை முன்னாலும் மாற்றிப் போட்டால் லூயிஸ் கரோல்! 1856-இல் ஒரு பத்திரிகை ஆசிரியருக்கு நாலு பெயர் எழுதி அனுப்ப, அவர் இதைத் தேர்ந்தெடுத்தார்.

அந்தக் கல்லூரித் தலைவரின் பெயர் லிடெல். அவருக்கு லொரீனா, ஆலிஸ், ஈடித் என்று மூன்று சிறுமிகள் இருந்தார்கள். 1862-ஆம் ஆண்டு ஜூலை 4 அன்று கரோலும் அவர் நண்பர் டக்வொர்த்தும் இந்த மூன்று பேரையும் படகில் கூட்டிக்கொண்டு காட்ஸ்டோ என்ற இடத்துக்குப் போனார்கள். லொரீனாவுக்கு 13, ஆலிஸுக்கு 10, ஈடித்துக்கு 8 வயது. படகில் போகும்போது பிள்ளைகள் கதை கேட்டார்கள். அவரும் வாயில் வந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். ஆலிஸ் என்ற பெண் முயல் வளையில் விழுந்தாள் என்று விழ வைத்துவிட்டார். விழுந்த பிறகு என்ன நடக்கப் போகிறது என்பது அவருக்கே தெரியாதாம். படகில் இருந்த அத்தனை பேரும் கதைக்குள்ளே வந்தார்கள். டக்வொர்த் வாத்து ஆனார், லொரீனா லோரி என்ற கிளி, ஈடித் கழுகுக் குஞ்சு. ஆலிஸ் மட்டும் ஆலிஸாகவே இருந்தாள். அதற்குச் சில நாள் முன்பு ஜூனில் ஒரு படகுப் பயணத்தில் எல்லாரும் மழையில் தொப்பலாக நனைந்திருந்தார்கள். அதுவும் கண்ணீர்க் குளமாகக் கதையில் வந்து சேர்ந்தது.

திரும்பி வந்ததும் ஆலிஸ் அந்தக் கதையை எனக்கு எழுதிக் கொடுங்கள் என்று கேட்டாள். மற்றவர்களாக இருந்தால் சரிம்மா எழுதித் தர்றேன்னு சொல்லிட்டு மறந்திருப்பாங்க. இவர் மறுநாளே லண்டனுக்குப் போகும் ரயிலில் உட்கார்ந்து தலைப்புகளை எழுதிக்கொண்டார். 1863 பிப்ரவரியில் எழுதி முடித்தார். பிறகு ஒரு நல்ல நோட்டில் அச்சு எழுத்து மாதிரி குண்டு குண்டாக எழுதி, 37 படங்களையும் தன் கையாலேயே வரைந்தார். படம் முடிய 1864 செப்டம்பர் ஆனது. 1864 நவம்பர் 26 அன்று அந்த நோட்டை ஆலிஸிடம் கொடுத்தார். கேட்டதற்கும் கொடுத்ததற்கும் நடுவில் 2 வருடத்துக்கு மேல். மொத்தம் 90 பக்கம். வாசகர் ஒரே ஒருத்தி.

அந்தக் கதை எப்படி அச்சுக்குப் போனது என்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஹேஸ்டிங்ஸ் பக்கத்தில் ஜேம்ஸ் ஹன்ட் என்று ஒருவர் திக்குவாய்க்குப் பயிற்சி கொடுத்து வந்தார். கரோல் அவரிடம் போனார். திக்குவாய் முழுசாகப் போகவில்லை, கடைசி வரை இருந்தது. ஆனால் அந்தத் தொடர்பில் ஜார்ஜ் மெக்டொனால்ட் என்பவர் நண்பராகக் கிடைத்தார். இந்த மெக்டொனால்டும் மாயக்கதை எழுதுகிறவர்தான், 1858-லேயே ஒரு மாயக்கதை நாவல் எழுதியவர். 1863-இல் கரோல் தன் கதையை அவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். மெக்டொனால்டின் மனைவி தன் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினார். அவர்களுடைய பையன் கிரெவில் அப்போது சின்னப் பிள்ளை. இந்த மாதிரிப் புத்தகம் 60,000 இருக்கணும் என்று அவன் சொன்னானாம். அச்சுப் போடுங்கள் என்று அந்த வீட்டார் கரோலுக்கு எழுதினார்கள். யோசிச்சுப் பாருங்க. அவருக்குத் திக்காம இருந்திருந்தா அந்த வீட்டுப் பழக்கமே இப்படி வந்திருக்காது.

மேக்மில்லன் என்ற பதிப்பகம் புத்தகத்தை வெளியிட ஒத்துக்கொண்டது. ஆனால் செலவு முழுவதும் கரோலுடையது. விற்றுக் கொடுப்பதற்குப் பதிப்பகத்துக்குக் கமிஷன். லாபம் வந்தாலும் நஷ்டம் வந்தாலும் இவர் தலையில்தான். கதையையும் பெரிசாக்கினார். நோட்டில் 4 அத்தியாயம், புத்தகத்தில் 12. சிரித்துக்கொண்டே மறைந்து போகிற செஷையர் பூனையும், பைத்தியக்காரத் தேநீர் விருந்தும் நோட்டில் கிடையாது, புத்தகத்துக்காகச் சேர்த்தவை. படம் வரைய ஜான் டென்னியல் என்ற பிரபல கார்ட்டூன் ஓவியரைப் பிடித்தார். அவர் 42 படங்கள் வரைந்தார். அந்தக் காலத்தில் படத்தை மரக்கட்டையில் செதுக்கித்தான் அச்சடிக்க முடியும். அதற்குத் தனிக் கூலி.

1865 ஜூனில் ஆக்ஸ்போர்டு அச்சகத்தில் 2000 பிரதிகள் அச்சாகின. படகில் போய்ச் சரியாக 3 வருடம் ஆகும் ஜூலை 4 அன்று ஆலிஸ் கையில் ஒரு பிரதி இருக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். மற்றவர்களுக்குச் சிவப்பு அட்டை, அவளுக்கு மட்டும் வெள்ளை அட்டை. சிவப்பு அட்டைதான் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று இவரே சொல்லிப் போட வைத்தது.

ஜூலை 19 அன்று டென்னியலிடம் இருந்து கடிதம் வந்தது. படங்கள் அச்சான விதம் அவருக்குக் கொஞ்சமும் திருப்தி இல்லை. கதையில் குறை இல்லை, படம் அச்சானதில்தான் குறை. நீங்களா இருந்தா என்ன செய்வீங்க? அடுத்த தடவை சரியாப் போடலாம்னு சொல்லி இருக்கிறதை வித்துடுவீங்க. நானும் அப்படித்தான் செய்வேன். சுவரில் ஒட்டப் போற சார்ட்டில் ஒரு படம் சரியா வரலைன்னா அதன் மேல வெள்ளைப் பேப்பரை ஒட்டி மறைச்சுடுவோமே தவிர, முழு சார்ட்டையும் கிழிக்க யாருக்கு மனசு வரும்?

கரோல் ஆகஸ்ட் 2 அன்று முடிவெடுத்தார். அந்த 2000 பிரதியும் வேண்டாம், லண்டனில் வேறு அச்சகத்தில் மறுபடி முதலில் இருந்து அச்சடிப்போம் என்று. கணக்கு வாத்தியார் ஆச்சே, நாட்குறிப்பில் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். படம் வரைந்ததற்கு 138 பவுண்டு, மரத்தில் செதுக்கியதற்கு 142, மறு அச்சுக்கு 240, அட்டைக்கும் விளம்பரத்துக்கும் 80. ஆக மொத்தம் 600 பவுண்டு. புது 2000 பிரதியும் விற்றால் வரவு 500. நஷ்டம் 100. முதலில் அச்சடித்து வீணானதில் இன்னொரு 100. மொத்த நஷ்டம் 200 பவுண்டு. இன்னும் 2000 விற்றால் செலவு 300, வரவு 500, அப்போது கணக்கு நேராகும். அதற்கு மேலும் விற்றால்தான் லாபம், அதை எதிர்பார்க்க முடியாது என்று எழுதியிருக்கிறார். அதாவது 4000 பிரதி விற்றாலும் கையில் ஒரு காசு நிற்காது என்று தெரிந்தேதான் இதைச் செய்தார். பணக்காரர் வீட்டுப் பிள்ளையும் இல்லை. கூடப் பிறந்தவங்க பத்துப் பேர் இருக்கிற பாதிரியார் வீடு.

ஏற்கெனவே அன்பளிப்பாகக் கொடுத்த பிரதிகளையும் திருப்பிக் கேட்டு வாங்கினார். திரும்பி வந்தவற்றை ஆஸ்பத்திரியில் இருக்கும் குழந்தைகளுக்குக் கொடுத்தார். தைக்காமல் மீதி இருந்த தாள்களைப் பழைய பேப்பருக்குப் போட நினைத்திருந்தார். கடைசியில் 1866-இல் நியூயார்க்கில் ஒரு பதிப்பகம் அவற்றை வாங்கிக்கொண்டது. திருப்பிக் கொடுக்காமல் அங்கங்கே தங்கிவிட்ட பிரதிகள் இன்றைக்கு இருபது சொச்சம்தான் இருக்கின்றன. அதில் ஒன்று 1998-இல் 15 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது! வேண்டாம் என்று ஒதுக்கின பிரதி!

புது அச்சு 1865 நவம்பரில் வெளிவந்தது. விலை ஏழரை ஷில்லிங். அவர் பயந்த மாதிரி ஆகவில்லை. மறுபடி மறுபடி அச்சடிக்க வேண்டி வந்தது. 1869-இல் ஜெர்மன் மொழியிலும் பிரெஞ்சு மொழியிலும் வந்துவிட்டது. 1871 கடைசியில் ஆலிஸ் கண்ணாடிக்குள் போகிற இரண்டாவது கதை வந்தது. இத்தனை பெயர் வந்த பிறகாவது விட்டுக்கொடுத்தாரா என்றால், இல்லை. 1893-இல் அந்த இரண்டாவது புத்தகத்தின் ஒரு அச்சில் படங்கள் மங்கலாக இருக்கிறது என்று அதையும் நிறுத்தினார். அவருக்கு அப்போது 61 வயது.

மற்ற விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், சார்ட்டில் இடம் குறைகிறது. போட்டோ எடுப்பதில் கெட்டிக்காரர். தான் எழுதிய, தனக்கு வந்த கடிதங்களுக்கெல்லாம் நம்பர் போட்டு வைப்பார், கடைசி நம்பர் 98,721. தூக்கம் வராத ராத்திரியில் விளக்கு ஏற்றாமல் இருட்டிலேயே எழுத ஒரு அட்டைக் கருவி செய்துகொண்டார். ஒரு வார்த்தையில் ஒவ்வொரு எழுத்தாக மாற்றி வேறு வார்த்தை ஆக்குகிற புதிர் விளையாட்டு இவர் கண்டுபிடித்தது. 1879-இல் ஒரு பத்திரிகையில் அதை நடத்தினார். தமிழிலும் வருகிறதா என்று நான் போட்டுப் பார்த்தேன். கல்லைப் பெண்ணாக்க வேண்டும். கல், கண், பெண். ரெண்டே மாற்றத்தில் அகலிகை வந்துட்டாங்க! நீங்களும் போட்டுப் பாருங்கள்.

1898-ஆம் ஆண்டு ஜனவரி 14 அன்று கில்ட்ஃபோர்டு என்ற ஊரில் சகோதரிகள் வீட்டில் இருந்தபோது, நெஞ்சுச் சளி முற்றி லூயிஸ் கரோல் இறந்துபோனார். 66-ஆவது பிறந்தநாளுக்கு இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை. அங்கேயே அடக்கம் செய்தார்கள்.

ஆலிஸ் என்ன ஆனார்? கல்யாணம் ஆகி ஹார்கிரீவ்ஸ் அம்மாள் ஆனார். அந்த நோட்டை 60 வருடத்துக்கு மேல் பத்திரமாக வைத்திருந்தார். 1926-இல் கணவர் இறந்தார். வரி கட்டப் பணம் வேண்டியிருந்ததால் 1928-இல் நோட்டை ஏலத்தில் விற்றார், 15,400 பவுண்டுக்கு. அவருக்கு அப்போது 75 வயது. நோட்டு அமெரிக்காவுக்குப் போய்விட்டது. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு அமெரிக்கர்கள் சிலர் பணம் சேர்த்து அதை வாங்கி, 1948-இல் இங்கிலாந்து மக்களுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். இப்போது லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.

அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஆலிஸின் சின்ன போட்டோ ஒன்று ஒட்டியிருக்கும். கரோல் எடுத்த போட்டோ. 1977-இல்தான் அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்தது. அவர் பேனாவால் ஆலிஸ் முகத்தை அங்கே வரைந்திருக்கிறார். அது அவருக்குச் சரியாக வரவில்லை என்று தோன்றியிருக்கும் போல, மேலே போட்டோவை ஒட்டி மறைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி